தொடக்கப் பள்ளி ஆசிரியரும் துணைக்கருவிகளும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கூரைக் கொட்டகையில், ஒற்றை மின்விளக்கின் கீழ், மாலை நேரப் பாடசாலையாகத் தொடங்கியது இச்சங்கம். அன்று அந்த விளக்கின் கீழ் அமர்ந்து படித்த பிள்ளைகளுள் சிலர் இன்று இடைநிலை ஆசிரியர்களாகப் பணியில் சேர்ந்திருக்கின்றனர். வேறு சிலர் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பை முடித்துத் தகுதித் தேர்வுக்கு ஆயத்தமாகின்றனர். இன்னும் சிலர் 2021ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களாகத் தொண்டாற்றியிருக்கின்றனர். இவர்களை ஓரிடத்தில் காணும்போது என் நெஞ்சு நிறைகின்றது.

செயலாளர் அவர்கள் என்னிடம், "புதிதாக ஆசிரியப் பணிக்கு வருவோர்க்கு இணையத்தில் என்னென்ன கிடைக்கும், குறைந்த செலவில் எவ்வெவற்றைச் செய்துகொள்ளலாம் என்பதைப் பற்றிப் பேசுங்கள்" என்று பணித்தார்கள். வெள்ளி விழா மேடையில் பேசுவதற்கு இது மிகச் சிறிய பொருள் என்று உங்களில் சிலர் கருதக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. வீட்டில் புத்தக அலமாரி உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு படம் குறைந்தால் பெரிய நட்டமில்லை. குடும்பத்திலேயே முதன்முதலாக எழுத்தறியும் பிள்ளைக்கோ, பள்ளியில் கிட்டாதது வேறெங்கும் கிட்டாது. அப்பிள்ளையின் கைக்கு எது எட்டுகிறது, எது எட்டவில்லை என்பதே அதன் கல்வியை முடிவு செய்கிறது. இதனை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. என் பிழையினால் அறிந்தேன். அப்பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் கரும்பலகைத் திட்டத்தின் பொருள்கள் பள்ளிகளுக்கு வந்திருந்தன. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987இல் நடுவண் அரசு தொடங்கிய திட்டம் அது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் எப்பருவத்திலும் பயன்படக்கூடிய இரண்டு அறைகள், குறைந்தது இரண்டு ஆசிரியர்கள், கரும்பலகை, நிலப்படங்கள், விளக்கப்படங்கள், விளையாட்டுப் பொருள்கள், சிறு நூலகம் ஆகியவை இருத்தல் வேண்டும் என்பது அத்திட்டத்தின் நோக்கம். எங்கள் பள்ளிக்கும் ஓர் உலக உருண்டை, மணிச்சட்டம், படங்கள், கதை நூல்கள் ஆகியன வந்தன. வந்தவற்றை இருப்புப் பதிவேட்டில் வரிசையாக எழுதி, கண்ணாடி வைத்த பீரோவில் அடுக்கிப் பூட்டினோம். உடைந்தால் யார் பொறுப்பு, தணிக்கையில் என்ன விடை சொல்வது என்னும் அச்சமே காரணம். சாவி என்னிடம்தான் இருந்தது.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. பெற்றோர் செங்கற் சூளையில் கூலி வேலை செய்தவர்கள். நாள்தோறும் அக்கண்ணாடியில் முகம் பதித்து நின்று அந்த உலக உருண்டையைப் பார்ப்பாள். ஒருநாள் என்னிடம் வந்து, "சார், அந்த உருண்டைய எங்களுக்கு எப்ப சார் குடுப்பீங்க?" என்று கேட்டாள். "பிறகு தருகிறேன், போய் உட்கார்" என்றேன். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. குடும்பத்தோடு சூளைக்குப் போய்விட்டாள் என்றார்கள். தேடிச் சென்றேன், அதற்குள் அவர்கள் வேறு சூளைக்கு மாறிவிட்டிருந்தனர். அந்த உலக உருண்டை ஒரு கீறல்கூட இல்லாமல் பல ஆண்டுகள் பீரோவில் இருந்தது. தணிக்கையில் எனக்கு எந்தக் குறையும் எழுதப்படவில்லை. ஆனால் அந்தச் சிறுமியின் கேள்விக்கு நான் இன்றுவரை கணக்குக் காட்ட முடியவில்லை.

ஆகவே தம்பிமார்களே, தங்கைமார்களே, நான் இன்று சொல்லப்போகும் அனைத்திற்கும் அடிப்படை ஒன்றே. பிள்ளையின் கைக்கு எட்டாத கருவி, பள்ளியில் இல்லாத கருவியே ஆகும். அது பீரோவில் பூட்டப்பட்டிருந்தாலும் சரி, இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடந்தாலும் சரி.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1894ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்காக அடையாற்றில் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907ஆம் ஆண்டில் இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய வார இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயரிட்டார். விலையையே பெயராக வைத்த இதழ் அது! உழைக்கும் மனிதன் கையிலுள்ள காசுக்கு அறிவு எட்ட வேண்டும் என்னும் எண்ணம் அப்பெயரிலேயே விளங்குகிறதன்றோ? பெருந்தலைவர் எம்.சி. ராசா அவர்களைச் சட்டமன்றத்தில் முழங்கியவராகவே நாம் அறிவோம். அவர் பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர். ஆர். இரங்கநாயகி அம்மையாருடன் சேர்ந்து, மழலையர் வகுப்புக்கான பாடல்களைத் தொகுத்துக் 'கிண்டர்கார்டன் ரூம்' என்னும் நூலை 1930இல் வெளியிட்டார். நாட்டின் பெரிய சிக்கல்களைப் பேசிய தலைவர், ஐந்து வயதுப் பிள்ளை எதைப் பாடிக் கைதட்டிக் கற்கும் என்றும் எண்ணிப் பார்த்தார். தொடக்கப் பள்ளித் துணைக்கருவியைச் சிறிய பொருள் என்போர்க்கு இதுவே விடை.

இனி இணையத்திற்கு வருவோம்.

புதிய ஆசிரியர் ஒருவர் கைப்பேசியைத் திறந்து தேடத் தொடங்கினால் ஆயிரம் தளங்கள் வந்து நிற்கும். அவற்றுள் பாதி, காசு கேட்பவை. மீதியில் பாதி, நம் பாடத்திற்குப் பொருந்தாதவை. எனவே தேடலைத் தொலைவில் தொடங்காதீர்கள். உங்கள் கையிலுள்ள பாடநூலிலிருந்தே தொடங்குங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள விரைவுத் துலங்கல் குறியீட்டைக் கைப்பேசியால் படம் பிடித்தால், அப்பாடத்திற்குரிய காட்சிப் பதிவுகளுக்கு அது நம்மை அழைத்துச் செல்லும். 2017ஆம் ஆண்டு ஆசிரியர் நாளன்று தொடங்கப்பெற்ற 'தீக்ஷா' என்னும் தளத்தின் பணி இது. அதிலுள்ள பாடங்களை ஒருமுறை பதிவிறக்கம் செய்துகொண்டால் பின்னர் இணையம் இல்லாமலும் காட்டலாம். நம் மாநிலக் கல்வித் துறை 2023இல் வெளியிட்ட 'மணற்கேணி' செயலியிலும் பாடங்கள் தமிழில் காட்சிகளாக உள்ளன. திருக்குறளின் கல்வி அதிகாரத்திலிருந்து எடுத்த பெயர் அது.

நம் மாவட்டத்திற்கு ஒரு பெருமையும் உண்டு. எட்டு வயதிற்குள் ஒவ்வொரு பிள்ளையும் பிழையின்றிப் படிக்கவும், அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்னும் குறிக்கோளுடன் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 2022 சூன் 13ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில்தான் முதலமைச்சரால் தொடங்கி வைக்கப்பெற்றது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையறிந்து பயிற்சி நூல்களை வகுத்திருப்பது அதன் சிறப்பு. மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை எழுத்துக் கூட்டத் தெரியாத நிலையில் இருந்தால், அதனை அங்கிருந்தே தொடங்க வேண்டும். 'மூன்றாம் வகுப்புக்கு வந்தும் இது தெரியவில்லையா?' என்று கேட்பதனால் எந்தப் பிள்ளையும் எழுத்தறிந்ததில்லை. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் உண்டு.

அடுத்து, கதை நூல்கள். 2004இல் தோன்றிய பிரதம் புக்ஸ் என்னும் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் 'ஸ்டோரிவீவர்' என்னும் தளத்தைத் திறந்தது. படங்களோடு கூடிய சிறுவர் கதைகள் தமிழிலும் பிற மொழிகளிலும் அங்கே நான்கு படிநிலைகளாக உள்ளன. முதல் நிலையில் ஒரு பக்கத்திற்குச் சில எளிய வரிகளே. போகப் போக வரிகள் கூடும். படிக்கலாம், பதிவிறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், எதற்கும் கட்டணமில்லை. நம் வட்டாரத்தில் இதற்கு ஒரு தனிப் பயன் உண்டு. செங்கற் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளும், தொழிற்பேட்டைக்கு வட மாநிலங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் நம் வகுப்பில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கின்றனர். ஆந்திர எல்லையோர ஊர்களில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் உள்ளனர். ஒரே கதையை ஒடியா மொழியிலும் தமிழிலும் எடுத்து அருகருகே வைத்துக் காட்டுங்கள். தன் மொழி எழுத்தைக் கண்ட அன்றுதான் அப்பிள்ளை முதன்முதலாக வகுப்பில் சிரிக்கும். ஒதுக்கி வைக்கப்படுவதன் வலி இன்னதென்று நாம் அறிவோம். நம் வகுப்பில் எந்தப் பிள்ளையும் ஒதுங்கி அமரக் கூடாது.

அறிவியலுக்கும் கைவேலைக்கும் அரவிந்த குப்தா அவர்களின் தளத்தைப் பாருங்கள். கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்ற அவர், 1972இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தோடு தொடர்பு கொண்டு, ஏழைப் பிள்ளைகளின் கையருகே கிடைக்கும் பொருள்களாலேயே கருவிகள் செய்யும் வழியைக் கண்டார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மிதிவண்டிக் கடையில் விற்கும் வால்டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கித் தீக்குச்சிகளை இணைத்து அவர் வடிவங்கள் அமைப்பார். மூன்று குச்சிகளால் ஆன முக்கோணம் அழுத்தினாலும் அசையாது; நான்கு குச்சிகளால் ஆன சதுரம் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சியைக் கட்டினால் சதுரமும் நிற்கும். தொழிற்சாலைக் கூரைச் சட்டங்கள் ஏன் முக்கோணம் முக்கோணமாக இருக்கின்றன என்பதை அன்று மாலை பிள்ளையே தன் தந்தைக்குச் சொல்லும். செலவு சில ரூபாய்களே. மருந்து நீக்கிய குச்சிகளையே பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

ஆசிரியரின் சொந்தப் படிப்புக்கு, 2001இல் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உண்டு. பெரியசாமித் தூரன் அவர்கள் பதிப்பித்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் அங்கே படிக்கக் கிடைக்கின்றன. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தமிழ் இலக்கியங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பிள்ளைக்குப் பத்து வரி சொல்ல, ஆசிரியர் நூறு வரி படித்திருக்க வேண்டுமல்லவா?

இவ்வளவும் சொன்ன பின்னர் ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றால் மூடப்பட்ட பள்ளிகள், நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் திறந்தன. அந்த இருபது திங்களில் நம் குடியிருப்புகளில் நடந்ததை நீங்களே கண்டீர்கள். வீட்டிலிருந்தது ஒரே கைப்பேசி. அது தந்தையோடு காலை முறை வேலைக்குத் தொழிற்பேட்டைக்குப் போய்விடும். அவர் திரும்பும்போது பிள்ளை உறங்கிவிடும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் கைப்பேசி மூத்த மகனுக்கே. மகளின் முறை வரவே வராது. ஆதலின் பிள்ளையின் வீட்டுக் கைப்பேசியை நம்பி ஒரு பாடத்தையும் அமைக்காதீர்கள். இணையம் ஆசிரியர்க்கு உரிய கிணறு; நீரை இறைத்துப் பிள்ளையின் கையில் ஊற்றுவது நம் வேலை. முன்னிரவில் நீங்கள் முழுமையாகப் பாருங்கள். வகுப்பில் ஐந்து நிமிடம் மட்டும் காட்டுங்கள். பிறகு அணைத்துவிட்டு, பிள்ளைகளைப் பேசவும் வரையவும் செய்யவும் விடுங்கள். அரைமணி நேரம் படம் ஓடும் வகுப்பில் ஆசிரியர் ஓய்வெடுக்கிறார். பிள்ளை எதையும் கற்பதில்லை.

இனி, குறைந்த செலவில் செய்யக்கூடிய கருவிகளைப் பற்றிச் சில சொல்வேன்.

முதலாவதாக, உரிமையாய் வர வேண்டியதைக் கேட்டுப் பெறுங்கள். பாடநூல், குறிப்பேடு, வண்ணப் பென்சில், புத்தகப் பை ஆகியவற்றை அரசு விலையின்றி வழங்குகிறது. பள்ளி மானியம், நூலக நூல்கள் என்பனவும் உள்ளன. எது வந்தது, எது வரவில்லை என்று தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். முதல் மாதச் சம்பளத்தில் பாதியைப் பளபளக்கும் வண்ணப் படங்களுக்குச் செலவிட்ட இளம் ஆசிரியைகளை நான் அறிவேன். அவர்தம் ஆர்வம் போற்றத்தக்கது. எனினும் வீட்டில் கடனை வைத்துக்கொண்டு பள்ளிக்குப் படம் வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக, வாங்குவதற்கு முன் செய்துபாருங்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007 அளவில் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலை மூத்தோர் நினைவு கூர்வர். மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலியின் ஓராசிரியர் பள்ளிகளில் உருவான அட்டை முறையே அதற்கு வித்து. அம்முறை இன்று மாறிவிட்டது. ஆயினும் அது விட்டுச் சென்ற ஒரு பாடம் மாறவில்லை. கரும்பலகையைச் சுவரின் அடியில், தரையில் அமர்ந்த பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் அமைத்தார்கள். ஆசிரியர் எழுத ஒரு பலகை இருந்தது போலவே பிள்ளை எழுதவும் ஒரு பலகை இருந்தது. உங்கள் வகுப்பறையில் இன்றும் அது இருந்தால் அதன்மேல் பீரோவை நகர்த்தி மறைக்காதீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கருஞ்சாயம் பூசினால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். முப்பத்து நான்கை எழுதச் சொன்னால் இரண்டாம் வகுப்பில் பல பிள்ளைகள் 304 என்று எழுதுவார்கள். முப்பது என்று காதில் விழுந்ததும் 30, நான்கு என்று விழுந்ததும் 4. பிள்ளை கேட்டதைத்தான் எழுதியிருக்கிறது; அடித்துப் பயனில்லை. தென்னை ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக நறுக்கிப் பத்துப் பத்தாக இரப்பர் வளையமிட்டுக் கட்டச் சொல்லுங்கள். மூன்று கட்டு, நான்கு உதிரி. பின்னர் பழைய மாத நாட்காட்டியின் பின்பக்கத்தை வெட்டி, 30 என்று ஓர் அகன்ற அட்டையும், அதில் பாதி அகலத்தில் 4 என்று ஒரு சிறிய அட்டையும் செய்யுங்கள். சிறிய அட்டையை அகன்ற அட்டையின் பூச்சியத்தின்மேல் வைத்தால் 34 தோன்றும். எடுத்தால் பூச்சியம் மறைந்திருப்பது தெரியும். அந்தப் பூச்சியம் எங்கே போயிற்று என்பதைத் தன் கையாலேயே கண்ட பிள்ளை மீண்டும் 304 என்று எழுதாது. இதற்கு ஈடான கருவியைக் கடையில் நெகிழியில் செய்து விற்கிறார்கள். நம் ஈர்க்குச்சி அதனினும் நன்று. தொலைந்தால் யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை.

இவ்வாறே புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தேய்த்தால் தாயக்கட்டை. சோடா மூடிகளில் எழுத்தை ஒட்டினால் சொல் விளையாட்டு. பழைய புடவைத் துணியில் பை பையாகத் தைத்தால் மின்னட்டைகளைச் செருகும் பை அட்டை. பழைய காலுறையில் கண்ணும் வாயும் தைத்தால் கைப்பாவை. வாய் பேசாத பிள்ளை பாவையின் வாயால் பேசுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

காசு கொடுத்து வாங்கியே தீர வேண்டியவையும் உண்டு: வரைபட அட்டை, பசை, நல்ல கத்தரிக்கோல், தடித்த எழுதுகோல் போன்றவை. இவற்றைத் தனித்தனியே சில்லறையில் வாங்காதீர்கள். ஐந்து பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடிப் பட்டியலிட்டு, பருவத்திற்கு ஒருமுறை ஒருவரைக் கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்தொடர்வண்டியில் அனுப்புங்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாளும் அட்டையும் மொத்த விலைக்குக் கிடைக்கும். சிறுவர் நூல்களுக்கு நேசனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புத்தகாலய வரிசையைக் கேளுங்கள். படங்கள் சிறந்தவை, விலை குறைவு.

நம் வட்டாரத்திற்கே உரிய ஒரு வளமும் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரியும் தம்பிமார்களே, உங்கள் ஆலையில் நாள்தோறும் கழிக்கப்படும் அட்டைப் பெட்டிகள், ஒருபுறம் அச்சிட்ட தாள்கள், சரக்கு வைக்கும் மரச் சட்டங்கள் ஆகியவை ஒரு தொடக்கப் பள்ளிக்குச் செல்வம். மேலாளரிடம் எழுத்து மூலம் இசைவு பெற்றுக் கொணருங்கள். மரச் சட்டத்தை இழைத்தால் பிள்ளையின் உயரத்திற்குப் புத்தக அடுக்கு ஆகும். ஆனால் வேதிப்பொருள் வைத்திருந்த பீப்பாய், சாக்கு, புட்டி எதையும் பள்ளி வாயிலுக்குள் விடாதீர்கள், கழுவினாலும் வேண்டா. கூர்மையான தகடும் வேண்டா. பெரிய தேவைகளுக்கு வேறு வழி உண்டு. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவிற்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வி அவற்றுள் ஒன்று. 2022 திசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகவும் பள்ளிகளுக்கு உதவியைப் பெறலாம். கை நீட்டி இரந்து நிற்க வேண்டா; சட்டம் காட்டும் வழியில் விண்ணப்பம் எழுதுங்கள்.

எந்தக் கருவியானாலும், கடையில் வாங்கியதாயினும் இணையத்தில் எடுத்ததாயினும், மூன்று கேள்விகளை அதனிடம் கேளுங்கள். பிள்ளையின் கை இதனைத் தொடுமா? உடைந்தால் நாளையே மீண்டும் செய்ய முடியுமா? இது எந்தப் பிள்ளையையாவது தலைகுனிய வைக்குமா?

மூன்றாவது கேள்வியை விளக்க வேண்டும். 'நமக்கு உதவுவோர்' என்னும் விளக்கப்படம் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் தொங்குகிறது. மருத்துவர், காவலர், ஆசிரியர் என்று காட்டி வந்து, துடைப்பம் ஏந்திய துப்புரவுத் தொழிலாளியிடம் விரல் வைத்த நொடியில் என் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் திரும்பி ஒரே ஒரு பையனைப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்று அப்படத்தைக் கழற்றினேன். மறுநாள் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைத் தாள் கொடுத்து, தம் வீட்டார் செய்யும் வேலையையும், அதில் அவர்கள் பயன்படுத்தும் கருவியையும் வரையச் சொன்னேன். பற்றவைப்போர், சுமை தூக்கி ஓட்டுவோர், நாற்று நடுவோர், பழவேற்காட்டு ஏரியில் வலை வீசுவோர், தையல் வேலை செய்வோர் எனச் சுவர் நிறைந்தது. அந்தப் பையன் தன் தாயையும், அவர் தள்ளிச் செல்லும் மூன்று சக்கர வண்டியையும் வரைந்தான். வண்டியின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் எழுதியிருந்தான். வகுப்பில் அத்தனை சொற்களைப் பிழையின்றி எழுதியவன் அவன் ஒருவனே.

அதுபோலவே, கருவிகளை எடுத்துப் பங்கிடுவது ஒரு பிள்ளைக்கும், வெட்டிய குப்பையைக் கூட்டுவது மற்றொரு பிள்ளைக்கும் என்றென்றும் உரியதாக ஆகிவிடக் கூடாது. அகர வரிசையில் பெயர்ப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இன்று பங்கிட்டவர் நாளை கூட்டட்டும். இன்று கூட்டியவர் நாளை பங்கிடட்டும். காசு செலவில்லாத இந்த ஒற்றைத் தாளைவிடச் சிறந்த துணைக்கருவி எதுவும் எனக்குத் தெரியாது.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். புதிய ஆசிரியரைத் தனியே விட்டுவிடாதீர்கள். சங்கக் கட்டடத்தில் ஓர் அலமாரியை 'ஆசிரியர் அலமாரி' என்று ஒதுக்குங்கள். அதற்குப் பூட்டு வேண்டா. கணினி அறிந்த இளைஞர்கள், நான் கூறிய தளங்களிலிருந்து கதைகளையும் பாடங்களையும் பதிவிறக்கி, வகுப்பு வாரியாக நினைவட்டைகளில் நிரப்பிக் கொடுக்கட்டும். மகளிர் குழுவினர் பாவைகளும் பை அட்டைகளும் தைத்துத் தரட்டும். ஆலையில் பணிபுரிவோர் மாதம் ஒருமுறை அட்டையும் தாளும் கொணர்ந்து அடுக்கட்டும். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஆசிரியர்கள் கூடி, எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று பேசட்டும். நாங்கள் பணியில் சேர்ந்த காலத்தில் கேட்பதற்கு எவரும் இல்லை. அக்குறை உங்களோடு முடியட்டும்.

என் பள்ளியில் இப்போது ஓர் உலக உருண்டை உண்டு. சன்னலோரம் சிறு பலகையின்மேல் திறந்தே இருக்கிறது. ஆயிரம் கைகள் பட்டுப் பட்டு இந்தியப் பெருங்கடல் வெளுத்துவிட்டது. தென் துருவத்தில் ஓர் ஒடுக்கும் விழுந்திருக்கிறது. சென்ற ஆண்டு ஆய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர், "இதனை ஏன் இப்படிப் பாழாக்கி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "ஐயா, இது பாழாகவில்லை, பயன்பட்டிருக்கிறது" என்றேன்.

புதிதாகப் பணியேற்கும் என் தம்பிமார்களே, தங்கைமார்களே! உங்கள் பள்ளியில் சாவி உங்கள் கைக்கு வரும் நாளில், இன்று நான் சொன்ன தளங்களின் பெயர்கள் மறந்துபோனாலும் போகட்டும். கண்ணாடியில் முகம் பதித்து நின்ற அந்தச் சிறுமியை மட்டும் மறவாதீர்கள். முதலில் பீரோவைத் திறந்துவிடுங்கள்.